வாக்குரிமையும் ஆங்கில அறிவும்

வாக்களிக்க வருபவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று விதிக்கும் சட்டம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று எந்த மாநிலத்திலும் நடைமுறையில் இல்லை. எழுத்தறிவுத் தேர்வுகளை நாடு முழுவதும் நிறுத்திவைத்த, வாக்குரிமைச் சட்டத்தின் 1970ஆம் ஆண்டுத் திருத்தம் 1975இல் நிரந்தரமாக்கப்பட்டபோதே அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆயினும் அத்தகைய நிபந்தனை வேண்டும் என்ற கோரிக்கை ஓய்ந்தபாடில்லை. ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரபூர்வ மொழியாக அறிவிக்கும் அதிபர் ஆணை 2025 மார்ச்சில் வெளியானது. வாக்குச்சீட்டின் மொழியை ஒழுங்குபடுத்துவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டமாதலால் அந்த ஆணை அதைத் தொடவில்லை என்றாலும், நாட்டின் மொழி ஆங்கிலம் என்றால் வாக்காளரின் மொழியும் அதுவாகத்தானே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது இடம் கொடுத்துவிட்டது. இக்கேள்வியை மொழிக்கொள்கை சார்ந்த நிர்வாகச் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது. ஒருவரை வாக்காளராக்குவது எது, அவருடைய அறிவா, அவர் அந்த அரசுக்கு உட்பட்டிருப்பதா என்ற மெய்யியல் வினா அதன் அடியில் இருக்கிறது.

கோரிக்கை இரு வடிவங்களில் வருவதுண்டு. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரை வாக்காளர் பட்டியலிலேயே சேர்க்கக்கூடாது என்பது வெளிப்படையான வடிவம்; பட்டியலில் சேர்த்துக்கொண்டு, வாக்குச்சீட்டையும் அதற்கான விளக்கக் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் மட்டும் தந்தால் போதும் என்பது அடக்கமான வடிவம். பின்னதை ஆதரிப்போரில் பலர் தாம் எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை என்று உண்மையாகவே நம்புகின்றனர். ஆனால் சிகாகோவில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ மக்கள் தொடர்பான வழக்கில் 1973இல் தீர்ப்பளித்த கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்களிக்கும் உரிமை என்பது பொருளறிந்து வாக்களிக்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்ற முடிவுக்கு வந்தது. சொல்லப்போனால், படிக்க முடியாத சீட்டைக் கையில் வாங்குபவரின் நிலை ஒருவகையில் சீட்டே கிடைக்காதவரின் நிலையைவிட மோசமானது. பின்னவருக்குத் தாம் விலக்கப்பட்டிருப்பதாவது தெரியும், முன்னவரோ எதற்கு இசைந்தோம் என்று அறியாமலே இசைந்தவர் கணக்கில் சேர்க்கப்பட்டுவிடுகிறார். ஆகவே இரு வடிவங்களையும் ஒரே கோரிக்கையாகக் கொண்டு ஆராய்வதே முறை.

இதன் வரலாறு கோரிக்கைக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. அமெரிக்காவில் எழுத்தறிவை வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கிய முதல் மாநிலம் கனெக்டிகட், ஆண்டு 1855. இரண்டாண்டுகள் கழித்து மாசசூசெட்ஸ் அதைப் பின்பற்றியது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் கத்தோலிக்கரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்துவதே இரண்டின் நோக்கமும். மிசிசிப்பி மாநிலத்தின் 1890ஆம் ஆண்டு அரசமைப்பு ஒரு படி மேலே போய், அரசமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கவோ, பிறர் படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ, அதற்கு ஏற்கத்தக்க விளக்கம் தரவோ இயன்றவரே வாக்காளர் என்றது. எந்தப் பிரிவைக் கேட்பது, எந்த விளக்கத்தை ஏற்பது என்பனவெல்லாம் பதிவு அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தமையால், கற்ற கறுப்பின ஆசிரியரும் தோற்கக்கூடிய, கல்லாத வெள்ளையரும் தேறக்கூடிய தேர்வாக அது பயன்பட்டது. நியூயார்க் மாநிலம் 1921இல் தன் அரசமைப்பைத் திருத்திப் புதிய வாக்காளர்களுக்கு ஆங்கில எழுத்தறிவைக் கட்டாயமாக்கியபோது, இத்திஷ் மொழியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த யூதத் தொழிலாளர்களும் இத்தாலியரும் அதன் வலையில் சிக்கினர். எனினும் ஒரு கொள்கை தீய நோக்கத்துக்குப் பயன்பட்டது என்பதால் மட்டுமே அது தவறாகிவிடாது. நல்ல நோக்கத்துடன் அதை முன்வைக்க இயலுமா என்று பார்க்க வேண்டும்.

நல்ல நோக்கத்துடன் அதை முன்வைத்தவர்களுள் தலையாயவர் ஜான் ஸ்டூவர்ட் மில். பிரதிநிதித்துவ அரசாங்கம் பற்றி 1861இல் அவர் எழுதிய நூலில், வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் பதிவாளரின் முன்னிலையில் ஓர் ஆங்கில நூலிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பார்த்தெழுதி, எளிய விகிதக் கணக்கு ஒன்றையும் போட்டுக் காட்டட்டும் என்றார். வாக்கு என்பது ஒருவர் தம் வாழ்வின்மீது மட்டும் செலுத்தும் அதிகாரமன்று, பிறர் வாழ்வின்மீதும் செலுத்தும் அதிகாரம். அதைக் கையாள்பவரிடம் குறைந்த அளவு அறிவை எதிர்பார்ப்பது அநீதியாகாது என்பது அவருடைய வாதம். அத்துடன் எல்லார்க்கும் கல்வி என்பது எல்லார்க்கும் வாக்கு என்பதற்கு முன்னதாக வரவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். கற்க வழி செய்யாத அரசுக்குக் கல்லாமையைக் காரணம் காட்டும் தகுதியில்லை என்பதை அவர் மறக்கவில்லை. அவர் பெயரை இன்று எடுத்தாள்வோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

மில்லின் வாதத்தை இக்காலத்தில் அறிவோர் ஆட்சிக் கொள்கை, அதாவது அரசியல் அறிவு மிக்கவர்க்கே முடிவெடுக்கும் அதிகாரம் மிகுதியாக இருக்க வேண்டும் என்னும் கொள்கை, கூர்மைப்படுத்தி முன்வைக்கிறது. அதற்கு அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் எஸ்ட்லண்ட் தரும் மறுமொழி புகழ்பெற்றது: ஒருவருக்கு மற்றவரைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டாலும், அதிலிருந்து அவர் மற்றவர்மீது அதிகாரம் செலுத்தலாம் என்பது தானாகப் பெறப்படுவதில்லை. பழைய மறுமொழிகளும் உண்டு. பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' உரையாடலில் வரும் புராணக் கதையில், மருத்துவம் போன்ற கைத்திறன்கள் சிலர்க்கு மட்டும் பங்கிடப்பட்டிருந்தபோதும், நீதியுணர்வையும் நாணத்தையும் எல்லார்க்கும் பங்கிட்டுத் தருமாறு சியூஸ் கட்டளையிடுகிறார். இல்லையெனில் நகரமே அமையாது என்பது காரணம். அரிஸ்டாட்டிலோ விருந்தின் சுவையைச் சமைத்தவரைவிட உண்டவரே நன்கறிவார் என்று சொல்லி, ஆளப்படுபவரின் தீர்ப்புக்குத் தனி மதிப்பு உண்டு என்று காட்டினார். விலைவாசி, பள்ளி, காவல்துறை ஆகியவற்றால் தாம் படும் பாட்டை ஒரு பெண்மணி ஸ்பானியத்தில் எண்ணிப் பார்க்கிறாரா, ஆங்கிலத்தில் எண்ணிப் பார்க்கிறாரா என்பது அத்தீர்ப்பின் தரத்தைத் தொடுவதே இல்லை.

ஆனால் ஆங்கில நிபந்தனையின் முதன்மையான குறை இதனினும் எளியது: அது அறிவை அளக்கவே இல்லை. அறிவோர் ஆட்சிக் கொள்கையை முழுவதும் ஏற்றுக்கொள்பவரும் இந்த நிபந்தனையை ஏற்க வேண்டியதில்லை. கொலராடோ மாநிலத்தில் நடந்தது இதற்குத் தக்க சான்று. அம்மாநில அரசமைப்பு அடிமைத்தனத்தைத் தடைசெய்திருந்தது, குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படும்போது தவிர. அந்தத் தவிர்ப்பை நீக்கலாமா என்று 2016 நவம்பரில் வாக்காளர்களிடம் கேட்கப்பட்டது. சீட்டில் அச்சான கேள்வியின் பொருளைத் தமிழில் சொல்வதானால், அடிமைத்தனத்துக்கு உள்ள தடைக்கு உள்ள விலக்கை நீக்குவது பற்றிய திருத்தம் வேண்டுமா என்பதாகும். தடை ஓர் எதிர்மறை, விலக்கு அதற்கோர் எதிர்மறை, நீக்கம் அதற்கும் ஓர் எதிர்மறை. இவற்றைக் கடந்து சென்றே 'ஆம்' என்பது அடிமைத்தனத்தை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. திருத்தம் மயிரிழையில் தோற்றது. அதே திருத்தம் தெளிவான சொற்களில் 2018இல் மீண்டும் வந்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தனர். இரண்டாண்டுகளில் அம்மக்கள் தம் மனத்தை அவ்வளவு மாற்றிக்கொண்டுவிட்டார்கள் என்று கொள்வதைவிட, ஆங்கிலமே பேசிப் பழகிய பல்லாயிரவர் ஆங்கிலத்தில் அச்சிட்ட கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று கொள்வதே பொருத்தம். அவர்களுக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, கேள்வியைத் திருத்தினார்கள். வாக்காளருக்குப் புரியாதபோது சீட்டைத் திருத்துவது ஆங்கிலம் அறிந்தவர்க்குக் காட்டப்படும் இயல்பான மரியாதையாக இருக்கையில், அதே மரியாதையை நவாஹோ என்னும் தொல்குடி மொழி பேசுபவர் கேட்டால் அது சலுகை என்று பெயர் பெறுகிறது.

ஆங்கில நிபந்தனைக்கு ஆதரவான வலிமையான வாதம் வேறு. மில்லே அதே நூலின் பிற்பகுதியில் எழுப்பியது அது: ஒரு நாட்டு மக்கள் வெவ்வேறு மொழிகளில் படித்து வெவ்வேறு மொழிகளில் பேசும்போது, பிரதிநிதித்துவ ஆட்சிக்கு அடிப்படையான ஒன்றுபட்ட பொதுக்கருத்து அங்கே உருவாகாது. இவ்வாதம் தனி வாக்காளரின் அறிவைப் பற்றியதன்று. குடிமக்கள் ஒருவருக்கொருவர் காரணம் சொல்லி, கேட்டு, மறுத்து, இணங்கும் பொது உரையாடலைப் பற்றியது. இருவர் ஒரே நாளில் ஒரே பெட்டியில் சீட்டுப் போட்டாலும், ஒருவர் மற்றவரின் வாதத்தை ஒருபோதும் கேட்டதில்லை என்றால், அங்கே நடந்தது தலைகளை எண்ணிய செயலேயன்றி மக்கள் கூடி எடுத்த முடிவன்று என்று சொல்ல இடமுண்டு. மொழியியல் அறிஞரும் ஆங்கிலப் பேராசிரியருமாக இருந்து கலிபோர்னியாவின் செனட்டரான எஸ். ஐ. ஹயகாவா, 1981இல் ஆங்கிலத்தை அதிகாரபூர்வ மொழியாக்கும் அரசமைப்புத் திருத்தத்தை முன்மொழிந்தபோது பெரிதும் நம்பியது இந்த வாதத்தையே. அவர் கனடாவில் பிறந்தவர், ஜப்பானியப் பெற்றோரின் மகன். அந்நியர் வெறுப்பு என்ற ஒற்றைச் சொல்லால் அவரைத் தள்ளிவிட முடியாது. தேர்தல் ஏடுகள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று கூட்டாட்சி அரசை வலியுறுத்தக் கோரும் முன்மொழிவு 1984இல் கலிபோர்னியாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் அதை ஆதரித்தனர்.

இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதை மறுப்பவர் பொது உரையாடலின் மதிப்பையே மறுக்க நேரிடும். ஆனால் அந்த உண்மை எதை நிறுவுகிறது என்பதில்தான் தடுமாற்றம் நேர்கிறது. எல்லார்க்கும் பொதுவான ஒரு மொழி இருப்பது நல்லது என்றால், அம்மொழியைக் கற்பிக்கும் கடமை அரசுக்கு வருகிறது. மாலைநேர வகுப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும், முதியோர்க்கு ஆசிரியர் வேண்டும். கல்லாதவரை விலக்குவதால் உரையாடலில் ஒருவர்கூடக் கூடுவதில்லை. உள்ளவரில் சிலர் குறைவர், அவ்வளவே. மேலும் உரையாடல் நடப்பது வாக்குச்சீட்டில் அன்று. அது தேநீர்க் கடையிலும் தேவாலய வாசலிலும் தொழிற்சாலை வாயிலிலும் செய்தித்தாளிலும் நடந்து, சீட்டில் முடிகிறது. நியூயார்க்கின் ஆங்கில நிபந்தனைமீது 1966இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதியது, இதை நேராகவே தொட்டது: ஸ்பானிய நாளிதழும் வானொலியும் தொலைக்காட்சியும் கிடைக்கும் ஒருவருக்குத் தேர்தல் விவகாரங்களை அறிய ஸ்பானியம் ஆங்கிலத்துக்கு நிகராக உதவும் என்று காங்கிரஸ் கருதியிருக்கலாம் என்றது. பன்மொழிச் சமூகத்தில் உரையாடல் ஒரே அறையில் நடக்காது, பல அறைகளில் நடந்து, இரு மொழி அறிந்தோர் வழியாக அறைக்கு அறை கடக்கும். அது ஒரே அறை உரையாடலைவிடக் குறையுடையது என்று மில் சார்பில் ஒருவர் சொல்லலாம். குறையுடையது என்பதும் இல்லாதது என்பதும் ஒன்றல்ல.

இங்கே எதிர்த்தரப்பினர் நியாயமான ஒரு கேள்வி கேட்பதுண்டு. குடியுரிமை பெற விரும்பும் குடியேறிகள் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற விதி 1906 முதலே உள்ளது. படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும் என்பது 1950இல் சேர்ந்தது. அப்படியிருக்க, வாக்களிக்கும் தகுதி பெற்றும் ஆங்கிலம் அறியாதவர் யார்? ஒரு சாரார், நெடுங்காலம் அந்நாட்டில் வாழ்ந்த முதியவர்கள். ஐம்பது வயது கடந்து இருபது ஆண்டுகள் நிரந்தர வசிப்புரிமையோடு இருந்தவர்க்கு மொழித் தேர்விலிருந்து சட்டமே விலக்களித்துள்ளது. மற்றொரு சாரார், தேர்வில் தேறும் அளவுக்கு ஆங்கிலம் அறிந்தும் சட்ட நடையில் அமைந்த முன்மொழிவுகளைப் படிக்கும் அளவுக்கு அறியாதவர்கள். ஆனால் வாதத்தின் போக்கையே மாற்றுபவர்கள் மூன்றாம் சாரார்: எங்கிருந்தும் குடியேறாதவர்கள். போர்ட்டோ ரிக்கோ 1898இல் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றப்பட்டது. அதன் மக்கள் 1917இல் அமெரிக்கக் குடிமக்களாக்கப்பட்டனர். அமெரிக்கக் கொடி பறந்த பள்ளியில் ஸ்பானியத்தில் பயின்றவர் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்ததும் எழுத்தறிவற்றவராகிப் போனார். இதைச் சரிசெய்யவே 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம், அத்தகைய பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவரை ஆங்கிலம் தெரியாமையைக் காட்டி விலக்கக்கூடாது என்றது. 1966 தீர்ப்பு உறுதி செய்தது இந்தப் பிரிவையே. அரிசோனாவின் நவாஹோ மக்களின் கதை இன்னும் கசப்பானது. இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய மொழி ராணுவத்தின் சங்கேத மொழியாக உதவியது. போர் முடிந்த பின்னும் 1948 வரை அம்மாநிலத்தில் அவர்களுக்கு வாக்கில்லை. அதன் பிறகும் ஆங்கில எழுத்தறிவுத் தேர்வு 1970 வரை பலரைத் தடுத்தது. வந்த இடத்தின் மொழியை வந்தவர் கற்க வேண்டும் என்ற நெறியை இங்கே பயன்படுத்தினால், நவாஹோ மொழியைக் கற்க வேண்டியவர் அரிசோனா ஆளுநர்.

இதிலிருந்து வாக்குரிமையின் அடிப்படை பற்றிய விடை தெளிவு பெறுகிறது. சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்று எல்லா நீதிமன்றங்களும் சொல்கின்றன. ஆங்கிலம் தெரியாதவருக்கும் அது பொருந்தும். வரி விதிக்கும்போதும், போருக்கு ஆள் எடுக்கும்போதும், தண்டிக்கும்போதும் அரசு ஒருவருடைய மொழியைக் கேட்பதில்லை. தன் கட்டளை அவருக்குப் புரியும்படி செய்வது தன் பொறுப்பு என்றோ, புரியாவிட்டாலும் அவர் கட்டுப்பட்டவரே என்றோ அது கொள்கிறது. ஆட்சியின் நியாயத்தன்மை, அதாவது கட்டுப்படுமாறு ஒருவரிடம் கோரும் தார்மீகத் தகுதி, கட்டுப்படுபவரின் குரலுக்கு அங்கே இடம் இருப்பதைச் சார்ந்தது என்றால், கட்டளை அவரிடம் போய்ச் சேர்வதற்கு மொழி தடையாகாதபோது அவருடைய விடை திரும்பி வருவதற்கு மட்டும் மொழி தடையாக இருப்பது எவ்வகையிலும் பொருந்தாது. வாக்குரிமை திறமைக்கு அளிக்கப்படும் சான்றிதழாக இருந்தால் அதற்குத் தேர்வு வைக்கலாம். அது ஆளப்படுவதற்கு ஈடாகப் பெறப்படுவது.

ஆங்கில அறிவையே தகுதியாகக் கொண்ட வாக்காளர் கூட்டம் எப்படி வாக்களிக்கும் என்பதற்கு அமெரிக்காவுக்கு வெளியே துல்லியமான ஒரு சான்று உண்டு. இலங்கைச் சட்டசபையில் 'படித்த இலங்கையர்' என்ற பெயரில் உருவாக்கப்பட்ட ஒரே ஓர் இடத்துக்கு 1911 டிசம்பரில் தேர்தல் நடந்தது. ஆங்கிலக் கல்வித் தேர்ச்சியும் சொத்து அல்லது வருமானத் தகுதியும் உடைய ஏறத்தாழ மூவாயிரம் பேரே வாக்காளர். தீவின் மற்றெல்லா மக்களும் அதற்கு வெளியே. சிங்களவரே பெரும்பான்மையாக இருந்த அந்த வாக்காளர், சிங்களவரான மருத்துவர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்துத் தமிழரான பொன்னம்பலம் இராமநாதனைத் தேர்ந்தெடுத்தனர். இன எல்லையைக் கடந்த விவேகம் என்று இதைப் போற்றத் தோன்றும். ஆனால் சிங்களவரில் உயர்வாகக் கருதப்பட்ட கொவிகம சாதியினர், கராவ சாதியைச் சேர்ந்த பெர்னாண்டோவை ஏற்க மனமின்றி இராமநாதனை ஆதரித்தனர் என்றே வரலாற்றாசிரியர் பலர் விளக்குகின்றனர். தேர்வில் தேறிய ஆங்கிலம் சாதியைக் கரைத்துவிடவில்லை. இராமநாதன் பின்னாளில், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற, இலங்கை அரசமைப்புச் சீர்திருத்தத்துக்கான டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையைக் கடுமையாக எதிர்த்தார். 1931இல் அது நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து இந்தியா தன் முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்று வைத்து, கல்லாமையைச் சமாளிக்கும் சுமையை வாக்காளரின் தலையில் ஏற்றாமல் தேர்தல் ஆணையமே சுமந்தது.

அமெரிக்கச் சட்டம் அச்சுமையை எவ்வளவு ஏற்றிருக்கிறது? வாக்குரிமைச் சட்டத்தில் 1975இல் சேர்ந்து, 2006இல் 2032 வரை நீட்டிக்கப்பட்ட பிரிவின்படி, ஓர் ஆட்சிப் பகுதியில் ஒரே மொழிக் குழுவைச் சேர்ந்த, ஆங்கிலம் போதிய அளவு அறியாத, வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் பத்தாயிரத்துக்கு மேலோ நூற்றுக்கு ஐந்துக்கு மேலோ இருந்து, அவர்களிடையே கல்லாமை தேசிய சராசரியைவிட மிகுந்திருந்தால், தேர்தல் ஏடுகள் அனைத்தும் அம்மொழியிலும் தரப்பட வேண்டும். 2021 டிசம்பரில் வெளியான பட்டியலில் இத்தகைய பகுதிகள் 331. எழுத்து வழக்கு இல்லாத மொழியானால் வாய்மொழி விளக்கம் போதும் என்கிறது சட்டம். அலாஸ்காவில் இது வழக்கானது: மாநிலம் ஆங்கிலத்தில் அச்சிட்டு வீடுதோறும் அனுப்பிய தேர்தல் விளக்கக் கையேட்டுக்கு ஈடான செய்தி யூபிக், க்விச்சின் மொழி பேசுவோர்க்குத் தரப்படவில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2014இல் கண்டது. எந்த நாள், எந்த இடம் என்பது மொழிபெயர்க்கப்படுவதும், எதற்காக, எதற்கு எதிராக என்பது மொழிபெயர்க்கப்படாமல் விடப்படுவதும் ஒன்றுக்கொன்று ஈடாகா என்பதே அதன் சாரம்.

ஆனால் இச்சட்டம் நான்கு தொகுதியினரையே அறியும்: ஸ்பானிய மரபினர், ஆசிய அமெரிக்கர், அமெரிக்கத் தொல்குடியினர், அலாஸ்கா தொல்குடியினர். அரபு பேசுபவரும் ஹைட்டியக் கிரியோல் பேசுபவரும் இதில் வரமாட்டார்; மயாமி-டேட் மாவட்டம் கிரியோலிலும் சீட்டு அச்சிடுவது தன் சொந்த முடிவால். நெறி எல்லார்க்கும் உரியதாக இருக்க, ஏற்பாடு சிலர்க்கு மட்டும் உரியதாக இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்த எண்ணிக்கையில் கோடு போட்டாலும் அதன் அப்பால் சிலர் நிற்பர். கோட்டைத் தாழ்த்தலாம், அழிக்க முடியாது.

அக்கோட்டுக்கு அப்பால் நிற்பவருக்கு எஞ்சியிருப்பது உதவியாளர். இங்கேதான் மொழியும் இரகசிய வாக்கெடுப்பும் பின்னிக் கிடக்கின்றன. 1888 வரை அமெரிக்காவில் கட்சிகளே தத்தம் சீட்டுகளை அச்சிட்டு வழங்கின. நிறத்தைக் கொண்டே சீட்டை அடையாளம் காண முடிந்ததால் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, யார் எதைப் போட்டார் என்பதும் ஊருக்கே தெரிந்தது. அரசு அச்சிடும் பொதுச் சீட்டு வந்து இரகசியத்தைக் கொண்டுவந்தது; ஆனால் அது படிக்கத் தெரிந்தவரின் இரகசியம். படிக்க இயலாதவர் இன்னொருவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துச் செல்ல வேண்டும், அவர் தம் விருப்பத்தைச் சரியாகக் குறித்தாரா என்று பார்க்கவும் வழியில்லை. பிள்ளை தாய்க்குப் படித்துக் காட்டும் வீட்டில் இது பெரிய கேடில்லாமல் போகலாம். பண்ணையில் கூலிக்கு உழைப்பவருக்கு மேலாள் படித்துக் காட்டினால், அறியாமையால் அவர் தவறாக வாக்களிப்பாரோ என்ற மில்லின் கவலை அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. அவர் வாக்கே அவருடையதாக இருக்குமா என்பது முதல் கவலையாகிறது. வாக்குரிமைச் சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்ட பிரிவு, கண்பார்வையின்மையாலோ உடற்குறையாலோ படிக்கவும் எழுதவும் இயலாமையாலோ உதவி தேவைப்படுபவர் தாம் விரும்பும் எவரையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்று சொல்லிவிட்டு, இருவரை மட்டும் விலக்கி வைத்தது: அவருக்கு வேலை தருபவரையும் அவருடைய தொழிற்சங்கத்தின் அதிகாரியையும், அவ்விருவரின் முகவர்கள் உட்பட.